இரட்டைக் கோடு

என் மகள் துபாய்ப் பக்கம் அல் ஐனில் கண் டாக்டர். சென்னையில் கண்ணுக்குப் படித்தாள். அப்புறம் குழந்தைகளின் கண் மட்டும் என்றாள். இங்கே வந்ததும் கண் நோய் பரம்பரையில் எப்படி இறங்குகிறது என்று ஆராய்ச்சி வேறு. பெயரில்லாத தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்புவாள். எல்லாம் கட்டமும் வட்டமும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கட்டம் என்றால் என்னவென்று தெரியும். அரபிக்காரர்களுக்கு ஜாதகம் பார்க்கிறாளோ என்று கொஞ்ச நாள் சந்தேகப்பட்டேன்.

"கட்டம் ஆம்பளை, வட்டம் பொம்பளைம்மா. கறுப்படிச்சிருந்தா கண்ணு தெரியாத பிள்ளை."

"இந்த ரெட்டைக் கோடு என்னட்டி?"

"சொந்தத்துல கல்யாணம்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தாய்மாமனைக் கட்டியவள். மகனுக்கும் என் உடன்பிறந்தான் மகளைத்தான் எடுத்தேன். இவள் வேண்டாம் என்று குதித்தாள். "உன் படிப்பு ஆஸ்பத்திரியோட இருக்கட்டும்" என்று வாயை அடைத்தேன்.

சென்ற மாதம் மகனும் மருமகளும் ஐந்து மாதக் குழந்தையோடு ஓமானிலுள்ள சோஹாரிலிருந்து வந்தார்கள். மகள் டார்ச் அடித்துப் பார்த்தாள். குழந்தை வெளிச்சத்துக்குத் திரும்பவில்லை. மூன்று பேருக்கும் இரத்தம் எடுத்தாள். பழியை என் தலையில் போடத்தான் இத்தனை ஏற்பாடு என்று இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை புதுத் தாளோடு என் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு இடத்தில் இரட்டைக் கோடு. எங்கள் வீடுதான். தலைப்பிள்ளையின் கட்டத்தில் கேள்விக்குறி.

"மூத்த அண்ணன் காய்ச்சல்லதானேம்மா போனான்?"

"எத்தனை தடவைட்டி கேப்ப?"

"அவன் கண்ணைக் கையால அழுத்திக்கிட்டே இருப்பானா?"

என்னைத் தவிர அதைக் கண்டவர் ஒருவரும் இப்போது உயிரோடில்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இந்தப் பிள்ளையும் அழுத்துது. ரெண்டும் ஒரே நோயான்னு தெரிஞ்சா ரத்தத்துல தேடுறதுக்குச் சுளுவு. அதுல ஒரு வகைக்குத்தான் மருந்து இருக்கு."

உள்ளறையில் மருமகள் இருந்தாள். கதவைச் சாத்தச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

"காய்ச்சல்லதான் போனான். ஆனா பிறவியிலேயே கண்ணு கிடையாது. அழுத்தாம இருக்கக் கையில துணி சுத்தி வச்சிருந்தேன். வெளியாள் ஒருத்தர் கண்ணுலயும் காட்டல."

"எத்தனாவது மாசம் கவனிச்சீங்க?" என்றாள். என்னை 'நீ' என்றே பேசி வளர்ந்தவள்.

"மூணாம் மாசம்."

குழந்தையைத் தோளில் போட்டபடி மருமகள் அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்கு இது தெரியுமா அத்தை?"

"தெரியாது தாயி. அவன் அப்ப பட்டாளத்துல இருந்தான். சொல்லியிருந்தா உன்னைக் குடுத்திருக்க மாட்டான்."