வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாத ரோஸ்

நான் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. சொல்லப்போனால் முதலில் அதைத்தான் சொல்வேன். இது உர மூட்டை தூக்கிய தோள், லாரியில் இருந்து இறக்கி மேட்டுக்கு மேடு தேயிலைக்காரர்கள் வாசலில் கொண்டுபோய்ப் போட்ட தோள் என்று சட்டையை விலக்கிக் காட்டுவேன். அப்புறம் அரவேணு ரோட்டில் இருக்கும் என் உரக்கடையைக் காட்டுவேன். இரண்டுக்கும் நடுவில் எந்த மாமனும் மச்சானும் கை கொடுக்கவில்லை, எல்லாம் நானே செய்தது. எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காத ஆள் குறைவு. பலதடவை கேட்டவர்கள்தான் அதிகம்.

இப்போது எழுதுவது அந்தக் கதை இல்லை. எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிற ஒரு ரோஸ் கலரைப் பற்றியது.

பில் போடக் கம்ப்யூட்டர் வாங்கியது மருமகள் சொல்லித்தான். அவள் பி.காம். படித்தவள், திருப்பூர்ப் பக்கத்துப் பெண். மகன் லோடு எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கும் மலைக்கும் அலைகிறவன், கடையில் உட்கார மாட்டான். பெட்டி வந்த முதல் வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திரை முழுக்கப் பொடி எழுத்தில் இங்கிலீஷ். கட்டம் கட்டமாக இருக்கும், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தேயிலைச் செடி வெட்டுகிற ஒரு கவாத்துக் கத்தி விற்பதற்குள், கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டைப் பார்த்து "ஏம்மா... ஏம்மா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். கத்தி வாங்க வந்தவர் வேறு எங்கோ பார்ப்பது போல நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மறுநாள் வந்து உட்கார்ந்தால், திரையில் நான் அழுத்த வேண்டிய கட்டங்கள் மட்டும் லேசான ரோஸ் நிறத்தில் இருந்தன. பாலில் ஒரு சொட்டு பீட்ரூட் சாறு விட்ட மாதிரி. பில் ஆரம்பிக்க ஒன்று, சாமான் போட ஒன்று, ரொக்கத்துக்கு ஒன்று, அச்சடிக்க ஒன்று. மேலிருந்து கீழே வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தால் பில் கையில் வந்து விழுந்தது. நான் என்ன நினைத்தேன்? செல்போனில் என்னென்னவோ தானாக மாறுகிறதே, அதுபோல இதுவும் ஆள் பழகப் பழகத் தானே வழி காட்டுகிறது என்று நினைத்தேன். "பொட்டப்புள்ளைக கலரா வெச்சிருக்கானுக பாரு கம்பெனிக்காரனுக" என்று மருமகளிடமே சொல்லிச் சிரித்தேன்.

"ஆமாங்க மாமா" என்று அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நான் அவளைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடாததை ஊருக்கும் சொன்னேன். எதிர் டீக்கடையில் பேச்சு பச்சைத் தேயிலை விலையில் ஆரம்பித்தாலும், முடிவது என் கம்ப்யூட்டரில்தான். "ஒரே வாரம். யாரு சொல்லிக் குடுத்தா? ஒருத்தனும் இல்ல. உக்காந்தேன், கத்துக்கிட்டேன்."

பக்கத்து மளிகைக்கடைக்காரருக்கு என்னைச் சீண்டாமல் டீ இறங்காது. "பொறக்கறப்பவே கையில மவுஸோட பொறந்தீங்களாட்ட இருக்குதுங்ணா" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் கோத்தகிரியில் இன்னொரு கடை பிடித்தேன். அதில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருமகள் மெதுவாகக் கேட்டாள். "மாமா, கோத்தகிரிக் கடைய நான் பாத்துக்கறனுங்க. பாப்பாவ ஸ்கூல்ல உட்டுட்டு அப்படியே போயிக்குவேன். எனக்கும் படிச்சதுக்கு ஒரு வேலையாச்சு."

கேட்பதற்கு முன்னால் வெகுநாள் யோசித்திருப்பாள் போல. குரல் அப்படி இருந்தது. என் வீட்டுக்காரிக்கும் அது தெரிந்திருந்தது. "ஏனுங்க, ஆசையாக் கேக்கறாளில்ல, குடுங்களே" என்றாள்.

"அங்க என்ன இருக்குது பாக்கறதுக்கு? நாலு கட்டத்தத் தட்டோணும். நாலாங்கிளாஸ் படிச்ச நானே தட்டறேன், இதுக்குப் போயி ஒரு பி.காமா? காலைல அங்க, மத்தியானம் இங்க. ரெண்டையும் நானே பாத்துக்குவேன்."

மருமகள் என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் கை கழுவினேன்.

அடுத்த வாரமே கோத்தகிரி கல்யாண மண்டபத்தில் வியாபாரிகள் கூட்டம். எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்ற அதே கம்பெனியில் இருந்து, தலை பாதி வழுக்கையான ஒருவர் கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்தார். வயதான கடைக்காரர்களுக்குப் பில் போடுவது எப்படி என்று, லேப்டாப்பில் செய்து பெரிய திரையில் காட்டப்போவதாகச் சொன்னார்கள். அவர் ஆரம்பிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

மைக்கைப் பிடித்து, நாலாம் வகுப்பில் ஆரம்பித்து, உர மூட்டை வழியாகக் கோத்தகிரிக் கடை வரைக்கும் வந்தேன். "ரெண்டு கடையும் இனி நான் ஒருத்தன்தான். இவரு எதுக்குங்க காட்டோணும்? நானே காட்டறேன், பாருங்க" என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன்.

திரை முழுக்கச் சாம்பல்.

கட்டங்கள் இருந்தன. ஆனால் எங்கள் கடையில் இருக்கிற இடத்தில் இருக்கிற மாதிரியும் தெரிந்தது, இல்லாத மாதிரியும் தெரிந்தது. நான் இத்தனை நாளும் இடத்தைப் பார்த்ததே இல்லை, நிறத்தைத்தான் பார்த்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. ஏதோ ஒன்றை அழுத்தினேன். சின்னதாக ஒரு பெட்டி வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டது. இன்னொன்றை அழுத்தினேன். எல்லாம் மறைந்துபோனது. எனக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு அதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னுங்ணா, கரண்டு போச்சுங்களா?" மளிகைக்கடைக்காரர் குரல்தான்.

வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். நான் மைக்கிலேயே சொன்னேன்: "இது ரிப்பேரு. எங்க கடையில அழுத்தற எடமெல்லாம் ரோஸா இருக்கும்."

மறுபடியும் மளிகைக்கடைக்காரர்தான், "யாராச்சும் கம்ப்யூட்டருக்கு ரோஸ் பவுடர் அடிச்சு உடுங்கப்பா, அண்ணனுக்கு அப்பத்தான் கண்ணு தெரியும்!" என்றார். மண்டபமே சிரித்தது. என்னிடம் வருஷக்கணக்காக உரம் வாங்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள்.

கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. என்னைக் கைபிடித்து ஓரமாகக் கூட்டிப்போய் மெல்லச் சொன்னார்: "ஐயா, எங்க சாஃப்ட்வேர்ல ரோஸே கெடையாதுங்க. யாராச்சும் உக்காந்து ஒவ்வொரு கட்டமா மாத்துனாத்தான் உண்டு. பூரா நாள் ஆயிருக்கும். ஆரு பண்ணுனது? நல்லா விஷயம் தெரிஞ்சவங்களா இருக்கோணும்."

கூட்டம் முடியும் வரைக்கும் நான் இருக்கவில்லை. பஸ் பிடித்தேன். வழியெல்லாம் மஞ்சு மூட்டமாக இறங்கியிருந்ததால் வெளியே பார்க்கவும் ஒன்றும் இல்லை.

கடைக்கு வந்தபோது மருமகள் ஒரு அம்மாவுக்கு மழைக்கோட்டு பில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகாமல், வாங்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில், அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று திரையை எட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் பார்த்தால் எல்லாக் கட்டமும் வெளுத்துத் தெரிந்தது. ரோஸே இல்லை. சுற்றிக்கொண்டு உள்ளே வந்து நேராகப் பார்த்தேன். இருந்தது. மறுபடி வெளியே போனேன். இல்லை. என் கடையில் அந்த இடத்தில் நின்று நான் பார்த்ததே கிடையாது.

அந்த அம்மா போனதும் கேட்டேன். "இந்தக் கலரு... நீயா மாத்துன?"

பில் புத்தகத்தை நேராக வைப்பது போலக் குனிந்துகொண்டாள். "ஆமாங்க மாமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்களே கத்துக்கிட்டேன்னு சந்தோசமாச் சொன்னீங்க. அப்பறம் எப்படிங்க சொல்றது?"

"செரி, எதுக்கு ரோஸு? பளிச்சுனு செவப்பு வெச்சிருந்தா எனக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்குமில்ல."

"செவப்பு வெச்சுப் பாத்தனுங்க. மஞ்சளும் வெச்சேன். வெளிய போயி நின்னு பாத்தா ரெண்டும் தெரிஞ்சுதுங்க. வர்றவங்க என்னதுன்னு கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு... இது மட்டுந்தாங்க வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியல."

மண்டபத்தில் சிரித்தார்களே, அதுகூட இவ்வளவு சுடவில்லை. பொட்டப்புள்ளைகள் கலர் என்று நான் சொன்னபோது "ஆமாங்க மாமா" என்று அவள் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் கோத்தகிரிக் கடைச் சாவியை அவள் கையில் கொடுத்தேன். "நீயே உக்காந்துக்க."

வாங்கிக்கொண்டாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே கவலை வந்துவிட்டது. "ரெண்டு கடையும் நீங்கதான்னு மைக்குல வேற சொல்லிட்டீங்களாமாங்க மாமா. இப்ப ஊர்ல என்ன கேப்பாங்களோ."

"அத நான் பாத்துக்கறேன்."

சொல்ல வேண்டியதை மனசில் கட்டி வைத்திருந்தேன். எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும், இத்தனை நாளும் என்னை ஓட்டியது அவள்தான் என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. அங்கே போய் உட்கார்ந்ததும் மளிகைக்கடைக்காரர் சரியாக ஆரம்பித்தார். "ஏனுங்ணா, ரெண்டு கடையும் ஒருத்தன்தான்னீங்க?"

"முழங்கால் வலி" என்றேன். "டாக்டரு அலையக் கூடாதுன்னுட்டாரு. அதான் மருமகளுக்குக் குடுத்துட்டேன்."

"பெரிய மனசுங்க" என்றார் டீக்கடைக்காரர். மளிகைக்கடைக்காரர்கூடத் தலையாட்டினார். நான் வலியைப் பற்றி விசாரித்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே டீயைக் குடித்து முடித்தேன்.

கோத்தகிரிக் கடை திறந்து சில நாள் கழித்து ஒரு காலையில் அங்கே போயிருந்தேன். மருமகள் உட்கார்ந்திருந்தாள். திரை முழுக்கச் சாம்பல். அவள் அதைப் பார்க்காமலே ஆளிடம் பேசிக்கொண்டு பில் போட்டாள். நான் மூட்டை அடுக்கின் பக்கத்தில் இரண்டு காலிலும் நன்றாகவே நின்றுகொண்டிருந்தேன். அப்போது மளிகைக்கடைக்காரர் உள்ளே வந்தார். என்னை அவர் இன்னும் பார்க்கவில்லை.

"ஏனம்மணி, மாமாவுக்கு முழங்காலு எப்படி இருக்குது?"

முழங்கால் கதையை நான் வீட்டில் சொல்லவில்லை. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

"அத ஏங்க கேக்கறீங்க, ராத்திரியெல்லாம் தூங்கறதில்லைங்க" என்றாள். எழுந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "நிக்காதீங்க மாமா, உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஒரு காலை நீட்டிக்கொண்டேன். டீக்கடையில் இடது கால் என்று சொன்னேனா, வலது கால் என்று சொன்னேனா, எனக்கு ஞாபகம் வரவில்லை.