மைதானத்துக்கு மடை திறந்த அப்பா

அப்பாவை நம்பி எங்கேயும் அழைத்துப்போக முடியாது என்பது எனக்கு லடாக்கில்தான் உறுதியானது. அப்போது நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். பட்டாளத்தில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கோடை விடுமுறைக்கு எங்களை அங்கே வரவழைத்திருந்தார். எங்கள் ஊர் பாகூரில் வயலை விட்டு ஒரு நாளும் நகராத அப்பாவும் உடன் கிளம்பியது எனக்கே அதிசயமாக இருந்தது.

மாமாவுக்கு அங்கே கோல்ஃப் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மைதானம் என்றுதான் பெயர், புல் கிடையாது. சுற்றிலும் மொட்டை மலை, நடுவே மணலும் கல்லும். ஆட வருகிறவர்கள் பச்சைப் பாய்த் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். குழியைச் சுற்றி மட்டும் மணலில் எண்ணெய் கலந்து வழவழவென்று இழுத்துவிட்டிருக்கும். அதில் கால் வைத்தாலே மாமா கத்துவார். ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகளுக்குப் போட்டி. அது நல்லபடியாக முடிந்தால் ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்கலாம் என்று காத்திருந்தார். ஊரில் மாமி மாசமாக இருந்தாள். போட்டி முடிந்ததும் நானும் ஒரு பந்து அடிக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அப்பாவுக்கு இதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. மைதானத்தை ஒட்டி, பனி உருகி வரும் வாய்க்கால் ஒன்று ஓடியது. வந்த நாளிலிருந்து அதையே சுற்றிச்சுற்றி வந்தார். மலையைப் பார்க்கலாம் வாங்கப்பா என்று கையைப் பிடித்து இழுத்தால், "இரும்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை காலை மாமாவோடு மைதானத்துக்குப் போனேன். ஸ்வெட்டருக்குக் கீழே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியும் கையுமாக அப்பா நின்றார். வாய்க்காலில் மடை வெட்டியிருந்தார். குழியைச் சுற்றியிருந்த வழவழப்பெல்லாம் சேறு.

"இன்னா மாமா இப்டி பண்ணிட்டீங்க! நாளைக்கு மேட்ச்சு இருக்குது!" என்று மாமா அப்பாவிடம் பாய்ந்தார்.

"தண்ணி சும்மா போவுது. இது காஞ்சி கெடக்குது. பாக்க முடியல மச்சான்" என்றார் அப்பா, ஏதோ ஒத்தாசை செய்தவர்போல.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மடைய அடைங்கப்பா!" என்று கத்தினேன். மாமா மண்வெட்டியைப் பிடுங்கினார். அடைக்கப்போகிறார் என்று பார்த்தால், அப்பா குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "நீயும் குடிச்சிப் பாரு. உப்பே இல்ல" என்றார். மாமாவும் அள்ளிக் குடித்தார். பிறகு இரண்டு பேரும் மணலுக்குள் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த மனுஷர்களை என்ன செய்வது!

போட்டி நடக்கவில்லை. மாற்றலும் வரவில்லை. மகள் பிறந்தபோது மாமா அங்கேயேதான் இருந்தார். நான் அடிக்கவேண்டிய பந்தும் போயிற்று. ரயில் ஊர் வந்து சேரும்வரை அப்பாவோடு நான் பேசவே இல்லை.

வீம்புக்கு எங்கள் வயலிலேயே குழி தோண்டி, கொம்பால் பந்தடித்து ஆடினேன். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டதால் அந்தப் பட்டம் சொர்ணவாரி நெல் நடவில்லை. அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.