கிளினிக் வாங்கில் ஒரு வெள்ளைச் சேலை

கணவனை இழந்து இத்தாவில் இருந்த பெண் ஒருத்தி பட்டப்பகலில் ஓட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாளாம், அதுவும் பைத்தியத்துக்கு மருந்து கொடுக்கிற பக்கத்துக்கு. கல்முனையில் இந்தக் கதையை என்னிடமே வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பெண் நான்தான் என்று தெரியாமல். நான் இடைமறித்து இரண்டு திருத்தம் சொல்லுவேன். போனது பைத்தியத்துக்கு அல்ல, என் மகளுக்கு. களவாகவும் போகவில்லை, பள்ளிவாசலைத் தாண்டி மெயின் ரோட்டால்தான் போனேன்.

சுனாமி வந்த காலையில் என் கணவர் கடற்கரையில் நின்றார். கரைவலைக்காரரிடம் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, லொறியில் வெளியூருக்கு அனுப்புவது அவருடைய தொழில். நானும் பதின்மூன்று வயது மகளும் வீட்டில் இருந்தோம். தெருவில் எல்லோரும் கத்திக்கொண்டு ஓட, நாங்களும் ஓடினோம். மகள் திரும்பித் திரும்பி வாப்பாவைக் கூப்பிட்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வீடு போனது. அவரும் போனார். அவருடைய உடல், ஜனாஸா, கிடைக்கவில்லை.

வயல் பக்கம் இருந்த என் காக்காவின் வீடு தப்பியிருந்தது. காக்கா என் மூத்த சகோதரன். எங்கள் இருவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். மகள் காலையிலிருந்து பொழுதுபடும்வரை வாசல் படலையடியில் நின்று ரோட்டைப் பார்ப்பாள். லொறிச் சத்தம் கேட்டால் ரோட்டுக்கே ஓடுவாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்தது.

சில கிழமைகள் போன பின், காணாமல் போனவர்களை மௌத்தானவர்களாகக் கொள்வதென்று ஊரில் முடிவானது. ஜனாஸா இல்லாமலே அவர்களுக்காகத் தொழுதார்கள். அன்றிலிருந்து எனக்கு இத்தா. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களின் கண்ணில் படாமல், அலங்காரம் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளையும் உடுத்த வேண்டும். காக்காவின் மனைவி, என் மதினி, வெள்ளைச் சேலையொன்றைக் கொண்டுவந்து அழுதழுது எனக்கு உடுத்திவிட்டாள். படலையடியிலிருந்து வந்த மகள் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"கழட்டுங்க உம்மா," என்றாள். "நீங்க வெள்ளை உடுத்தா வாப்பா மௌத்து எண்டு ஆகிரும். அவர் இன்னும் வரல்ல, அவ்வளவுதான்."

நான் கழற்றவில்லை. அவள் கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

முதலில் என்னோடு மட்டும்தான் என்று நினைத்தேன். இரண்டு நாளில் எல்லோரோடும் நின்றுபோனது. பிறகு சோறு நின்றது. பிறகு, மழை தகரத்தில் அடித்தால் கைகால் விறைத்து, மூச்சு எடுக்க முடியாமல் நிலத்தில் விழத் தொடங்கினாள். சத்தம் கேட்டு நான் அறைக்கு வெளியே பாய்வேன். முற்றத்தில் ஆம்பிளைகள் நிற்கிறார்கள் என்று பெண்கள் என்னைப் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். நான் பெற்ற பிள்ளை அடுத்த அறையில் மூச்சுக்குத் துடிக்க, நான் கதவுக்குப் பின்னால் நின்று மற்றவர்களின் வாயால் அவளுடைய நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைத்ததுமில்லை.

கடலில் இருந்து ஜின் பிடித்துவிட்டது என்றார்கள். கழுத்தில் ஒரு தாயத்து, இடுப்பில் ஒரு தாயத்து, காலையும் மாலையும் ஓதிய தண்ணீர். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே யாசீன் ஓதி அவளுக்கு ஊதியிருக்கிறேன். ஓதுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மதினியின் சொந்தத்தில் ஒருவர், ஜின்னை அடித்துத்தான் இறக்க வேண்டும் என்று பிரம்போடு வந்து இறங்கினார். அவருக்குத் தேநீரும் கொடுத்தாகிவிட்டது. நான் திரைக்குப் பின்னால் இருந்து, ஓதுவதானால் ஓதுங்கள், பிரம்பு என் மகளின் மேல் பட்டால் இத்தாவும் பார்க்கமாட்டேன், எதுவும் பார்க்கமாட்டேன், வெளியே வந்துவிடுவேன் என்றேன். இத்தா அறையிலிருந்து இப்படி ஒரு குரலை மனிதர் கேட்டிருக்கமாட்டார் போல. தேநீரைக்கூட முடிக்காமல் எழும்பிவிட்டார்.

அகதி முகாம்களுக்கும் வீடுகளுக்கும் போய்ப் பார்க்கிற ஒரு மிஸ் அந்த நாட்களில் வருவார். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவர், அவருடைய வீட்டையும் கடல் கொண்டுபோயிருந்தது. மகளின் பக்கத்தில் அரைமணித்தியாலம் சும்மா உட்கார்ந்துவிட்டு என் அறைக்கு வந்தார். இது ஜின்னும் இல்லை, பைத்தியமும் இல்லை, தாங்கமுடியாத பயமும் கவலையும் இப்படித்தான் உடம்பில் இறங்கும், மருந்தும் இருக்கிறது, வழியும் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் நடக்கிற நாளையும் சொன்னார். தாய் கட்டாயம் வரவேண்டும் என்பதை இரண்டு தரம் சொன்னார்.

அவர் போனதும் வீட்டில் கூட்டம் கூடியது. மதினி கெட்டவள் இல்லை, பயந்தவள். இத்தாவில் இருப்பவள் படி தாண்டினால் ஊர் சும்மா இருக்காது என்றாள். அதைவிட, அந்தக் கிளினிக்கில் ஒருதரம் ஒரு குமர்ப் பிள்ளையைக் கண்டுவிட்டால் அவளுக்குப் பிறகு யார் மாப்பிள்ளை தருவான் என்று கேட்டாள். வேண்டுமானால் கொழும்புக்குக் கொண்டுபோகலாம், அங்கே தெரிந்த முகம் இல்லை என்று ஒருத்தி யோசனை சொன்னாள். நான் காக்காவை மௌலவியிடம் அனுப்பினேன். மருந்துக்குப் போவதென்றால் போகலாம், பொழுதுபட முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். வீட்டுப் பெண்களுக்குத்தான் அது போதவில்லை. அவர் கூடாது என்றிருந்தாலும் நான் போயிருப்பேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

கிளினிக் நாளில் காக்கா ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். வயல் ஒழுங்கையால் சுற்றிப் போகச் சொல்லி ஓட்டோக்காரருக்குக் கண் காட்டினார். நான் மகளை அணைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"மெயின் ரோட்டால போகச் சொல்லுங்க காக்கா," என்றேன். "ஒளிச்சுக் கொண்டு போறதுக்கு என்ட புள்ள களவுச் சாமான் இல்ல."

கிளினிக் ஆஸ்பத்திரியின் கடைசி மூலையில் இருந்தது. வெளியே உட்கார ஒரு நீண்ட வாங்கு. அதில் முந்தானையாலும் முக்காட்டாலும் முகத்தை மூடிக்கொண்டு நாலைந்து பெண்கள், தமிழரும் நாங்களும் கலந்து. பக்கத்தில் இருந்தவள் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், தலையிடியா என்று மெதுவாகக் கேட்டாள். அந்த வாங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வது தலையிடி என்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. என் மகள் கதைப்பதில்லை, சாப்பிடுவதில்லை, மழைக்குப் பயந்து விறைத்துப் போகிறாள் என்று நான் வழமையான குரலிலேயே சொன்னேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்ப நெருங்கி வந்து, தன் புருஷன் கடல் வந்த நாளில் இருந்து நித்திரை கொள்வதில்லை, சுவரோடு கதைக்கிறார் என்றாள்.

டொக்டர் இளம் வயதுப் பெண். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, இவளுடைய வாப்பாவுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் எனக்குச் சொன்னார்கள், நான் தலையாட்டினேன், அல்லாஹ்வின் நாட்டம் என்றேன். இப்போது மகள் பக்கத்தில் இருந்தாள், பொய் வரவில்லை.

"தெரியா டொக்டர்," என்றேன். "அவரைக் காணல்ல. படலை திறக்கிற சத்தம் கேட்டா நானும் எழும்பத்தான் செய்யிறன்."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் வெள்ளை?" என்றாள். இத்தனை நாள் அடைத்துக் கிடந்த குரல், கரகரத்தது.

"மார்க்கத்தில சொன்ன கடமை மகள், செய்யிறன். வாப்பா வந்தா அந்த நிமிஷமே கழட்டி எறிஞ்சிருவன்."

"எறிவீங்களா?"

"எறிவன். நடு ரோட்டில எண்டாலும் எறிவன்."

அவள் அழத் தொடங்கினாள். வெளி வாங்குக்குக் கேட்கும்படி, வாய்விட்டு, வாப்பா வாப்பா என்று அழுதாள். நானும் அழுதேன். இத்தா அறைக்குள் வந்தவர்களுக்காக நான் அழுத அழுகை ஒன்று, இது வேறு. டொக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார், எங்களை அவசரப்படுத்தவில்லை.

நாங்கள் வீடு வந்து சேர முன்னமே கதை வந்து சேர்ந்திருந்தது. மதினியின் முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனால் மகள் குசினிக்குப் போய்த் தானாகவே சோறு போட்டுச் சாப்பிடுவதைக் கண்டதும் மீன் குழம்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஒரே நாளில் சுகமாகிவிட்டதென்று சொன்னால் அது பொய். மழைக்கு விறைப்பது திரும்பத் திரும்ப வந்தது. அப்படி வந்தால் சுற்றிக் கூட்டம் போடாமல், கையைப் பிடித்து, எந்த இடத்தில் இருக்கிறாள் என்று சொல்லி, கூடவே மெதுவாக மூச்சு விடச் சொல்லித் தந்திருந்தார்கள். அதை முதலில் பழகியவர் காக்கா. அந்தப் பெரிய மனிதர் நிலத்தில் சப்பணம் கொட்டி உட்கார்ந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவார், மகளுக்குச் சில வேளை அதைப் பார்த்தே சிரிப்பு வந்துவிடும். ஒன்றரை வருஷம் கிளினிக்குக்குப் போனோம். மெயின் ரோட்டால்தான். எங்களைக் கலியாண வீடுகளுக்குக் கூப்பிடுவது குறைந்தது. மகள் பள்ளிக்கூடம் போனாள், சிநேகிதிகளோடு சண்டை பிடித்தாள், அதுவே எனக்குப் பெருநாளாக இருந்தது.

யுத்தம் முடிந்த வருஷம் நாங்கள் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இருந்தோம். அறிவிப்பு வந்த அன்று கல்முனை கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். பாண்டிருப்புப் பக்கம் கதவுகள் சாத்திக் கிடந்தன. வெடிச் சத்தத்தில் மகளின் கைகள் பழையபடி விறைத்தன. அவள் தானே மூச்சைப் பிடித்து விட்டு, கொஞ்சம் தெளிந்ததும், கிளினிக்குக்குப் போய்விட்டு வருவோம் என்றாள். போனோம். ஊரும் பழையபடி கண்டது.

அதன் பிறகுதான் காக்கா ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார். எங்களில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். எங்களுக்கு வீடு இருந்தது, பிள்ளைக்குப் படிப்பு இருந்தது, பையன் வாத்தியார். அவனுடைய தாயும் மூத்த சகோதரி ராத்தாவும் பார்க்க வருவதாக இருந்தது. கிளினிக்கைப் பற்றிக் கேட்டால் கண் டொக்டரிடம் காட்டப் போனது என்று சொல்லும்படி காக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவருடைய கவலை எனக்கு விளங்கியது. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பையனின் தாய் நல்ல மாதிரியான மனுசி. பலகாரம் எடுத்தார், வீட்டைப் புகழ்ந்தார். பிறகு குறையாக நினைக்க வேண்டாம் என்று தொடங்கி, பிள்ளையை அந்தப் பக்கத்தில் காட்டியதாகக் கேள்விப்பட்டோம், இப்பவும் போகிறாளாம், உண்மையா என்று கேட்டார். காக்கா தொண்டையைச் செருமி, கண் என்று ஆரம்பித்தார். தேநீர்த் தட்டோடு நின்ற மகள் அதை மேசையில் வைத்தாள்.

"ஓம், உண்மைதான்," என்றாள். "எனக்குச் சுகமில்லாமப் போன. உம்மா இத்தாவில இருந்துக்கிட்டு என்னைக் கொண்டு காட்டின. இனியும் சுகமில்லாட்டிப் போவன். நாளைக்கு உங்கட மகனுக்கு அப்பிடி வந்தாலும் நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவன்."

அவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, மரியாதையாகச் சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை, அந்தக் கலியாணம் நடக்கவில்லை. நான் அன்று அழுதேன். கலியாணத்துக்காக இல்லை, அவளுடைய குரலைக் கேட்டு அழுதேன். காக்கா கதிரையிலிருந்து எழும்பாமல், இப்படிச் சொன்னால் இனி யார் இந்தப் படி ஏறி வருவான் என்று கேட்டார்.

"வாறவன் இதைக் கேட்டுட்டு வரட்டும் காக்கா," என்றேன்.