அம்மனுக்காக இரண்டு இன்ச்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அம்மனைச் சுமந்து போவது என்னுடைய கெப் வண்டிதான். நான் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருடமாகிறது. அம்பிட்டியவில் வீடு, கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் தொழில். மற்ற நாட்களில் தோட்டம் இருக்கிற ஹேவாஹெட்டப் பக்கம் போனால் என்னை எவனும் சட்டை செய்வதில்லை. திருவிழா அன்று மட்டும் நான் பெரிய ஆள். கெப்பின் பின்தட்டில் இரும்புச் சட்டத்தைப் பூட்டி, பூவும் சீலையும் சுற்றி, உச்சியில் கலசத்தை வைத்து, உள்ளே அம்மனை உட்கார வைத்துவிட்டால் அது கெப் இல்லை, தேர். தேர் ஓட்டுகிறவனுக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். வயதில் மூத்தவர்கள்கூட என்னை 'அண்ணே' என்பார்கள். கூச்சமாக இருப்பது போல நடந்துகொள்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது ரொம்பவும் பிடிக்கும்.

போன வருடம் அந்தத் தேர் என் மானத்தை வாங்கிவிட்டது. கோவிலிலிருந்து மேல் லயத்து வீட்டு வரிசைக்கு ஏறும் வழியில் ஒரு வளைவு. அதன் நடுவில் ஒரு பாறை, பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. என் வண்டி ஃபோர் வீல் இல்லை. பின் சில்லு இரண்டும் மட்டும் இழுக்கிற, தரையோடு தரையாகப் போகிற சாதாரணச் சாதி. பாறையில் வயிறு தட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. சில்லு சுற்றுகிறது, புகை வருகிறது, அம்மன் அசையவில்லை. பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். மேளக்காரராவது கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம். அந்த மனிதர் இன்னும் உற்சாகமாக அடித்தார்.

அன்றைக்கே கோவில் கமிட்டித் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருசமும் இப்படி ஆச்சுன்னா கொந்தராத்துக்காரர் வண்டியத்தான் கேக்கணும்."

கொந்தராத்துக்காரர் என்றால் எங்கள் தோட்டத்திலேயே பிறந்து, ரோடு போடுகிற கொந்தராத்து, அதாவது ஒப்பந்த வேலை, எடுத்து, நாலு சில்லும் இழுக்கிற புது டபுள் கெப் வாங்கியவர். அந்த வண்டி பாறையைப் பார்த்தால் பாறை ஒதுங்கிக்கொள்ளும். போகட்டும், நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் வெளியே அப்படித்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன், வண்டியை உயர்த்தப் போகிறேன் என்று.

"வண்டிய ஒசத்துறீங்களா, ஒங்கள ஒசத்துறீங்களா?" என்றாள்.

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியாது. நான் ஃபோனில் படம் பார்க்கத் தொடங்கினேன். உலகம் பூராவும் மனிதர்கள் வேலை வெட்டி இல்லாமல் வண்டியை உயர்த்துகிறார்கள். சிலர் ஏணி வைத்து ஏறுகிற அளவுக்கு. எனக்கும் ஆசை வந்துவிட்டது. நாலு இன்ச் என்று முடிவு செய்துகொண்டு கட்டுகஸ்தோட்டையில் எனக்குத் தெரிந்த கராஜுக்குப் போனேன்.

கராஜ்காரர் முஸ்லிம் மனிதர், என்னைவிட மூத்தவர். நானா என்றுதான் கூப்பிடுவேன். வேலையைவிட வாய் அதிகம், ஆனால் வேலையும் தெரியும். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், பிளேன்டீ வரவழைத்தார்.

"தம்பி, நாலு இன்ச் ஒசத்தினா நிக்கக்குள்ள யானை மாதிரி ஈக்கும். ஏத்தத்துல ஏறக்குள்ள பூனை மாதிரி வழுக்கும். ஒசத்தினாப்போல ஃபோர் வீல் ஆகாது."

"அப்ப மூணு?"

"பிரேக் ஹோஸ் இழுபடும். பின்னுக்குப் போற ஷாஃப்ட் கோணலாகி ஊளையிடும். முன் டயர் ஒரு பக்கமாத் தேயும். வளைவுல சாயும். இதெல்லாம் வேணுமா? ரெண்டு இன்ச். ரெண்டே ரெண்டு. அதுக்கு மேல ஆசப்படப்படாது."

சீதனம் பேசுகிற மாதிரி அங்கே இரண்டு மணித்தியாலம் பேசினோம். முன்பக்கம் தகராறு இல்லை. அங்கே ஒரு முறுக்குக் கம்பிதான் பாரத்தைத் தாங்குகிறது, அதைக் கொஞ்சம் இறுக்கினால் வண்டி தானே எழும்பும். பின்பக்கம்தான் பிரச்சினை. ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்க்கலாம், அல்லது அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கலாம். பட்டை சேர்த்தால் பலம், ஆனால் வண்டி கல்லாகிவிடும், குலுக்கி எடுக்கும். கட்டை என்றால் பழைய மென்மை அப்படியே இருக்கும்.

"என்னத்த ஏத்தப் போறீங்க?" என்று கேட்டார்.

"அம்மன."

நானா பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப கட்டைதான். அவங்களக் குலுக்கப்படாது" என்றார்.

அடுத்த ஞாயிறே மனைவியையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பாறைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து அளந்தேன். பாறையின் உயரம், வண்டி வயிற்றின் உயரம், சில்லு எந்தத் தடத்தில் போகிறது, எல்லாம். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு என்னாச்சு?" என்று என் மனைவியிடம் கேட்டார்கள். "பக்தி" என்றாள் அவள். இரண்டு இன்ச் தாராளமாகப் போதும் என்று கணக்கு வந்தது. நானாவும் சொன்னபடி செய்து முடித்தார். வண்டியைத் தள்ளி நின்று பார்த்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. எனக்கும் அப்படியே இருந்தது.

திருவிழா அன்று காலையில் கோவிலுக்குப் போனால், வாசலில் புதிதாக ஒரு கொங்கிறீட் தோரண வளைவு. கொந்தராத்துக்காரர் தன் செலவில் கட்டிக் கொடுத்தது. இரண்டு பக்கமும் சிங்கம், நடுவில் அவருடைய அப்பா பெயர் பெரிய எழுத்தில். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே ஓட்டிப் போனேன். வெறும் கெப் தாராளமாக நுழைந்தது. உள்ளே வைத்துச் சட்டம் பூட்டினோம், பூக் கட்டினோம், கலசம் ஏற்றினோம், பூசை ஆனது, அம்மன் ஏறினாள். எனக்குத் தலைப்பாகை கட்டினார்கள். மேளம் எழுந்தது. நான் கிளச்சை விட்டு மெல்ல வளைவுக்குப் போனேன்.

"அண்ணே! அண்ணே! நிப்பாட்டுங்க!"

கலசம் வளைவில் முட்டிக்கொண்டு நின்றது. நான் இறங்கி வந்து பார்த்தேன். இரண்டு இன்ச் கூட இல்லை, ஒரு விரல்கடைதான் இடித்தது. எங்கே போய் முட்டிக்கொள்வேன்! தரையில் புரண்டு புரண்டு அளந்தவன் நான். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாமே. பார்க்கவில்லை.

கொந்தராத்துக்காரர் ஓடி வந்தார். முகத்தில் நிஜமாகவே கவலை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "போன வருசம் அளந்து வச்ச ஒங்க வண்டி ஒசரத்துக்குத்தாண்ணே கட்டினேன். கலசத்தோட சேத்து அளந்தேன். இந்த வருசம் ஒங்க வண்டி வளந்திருச்சே!" என்றார்.

கூட்டம் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள், அதைப் பார்த்தேன்.

டயரில் காற்றை இறக்கலாமா என்றார் ஒருவர். அந்த ஏற்றத்தில் காற்றில்லாத டயரோடு எங்கே போவது? நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் தாழும் என்றேன் நான். பூசாரி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். "அம்மனுக்குப் பக்கத்துல குந்த வைக்கப் போறீங்களா? யார?" கலசத்தைக் கழற்றலாமா என்றதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. அம்மன் உள்ளே இருக்கும்போது கலசத்தில் கை வைக்கக் கூடாதாம். கடைசியில் அவரே சொன்னார், "எறக்குங்க. தூக்கிட்டே போவோம்."

இரண்டு மூங்கில் வந்தது. இளவட்டங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு நான் நீ என்று முன்னால் வந்தார்கள். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. அம்மன் தோளில் ஏறி, வளைவுக்குக் கீழே ஒரு தரம் தாழ்ந்து, அந்தப் பக்கம் எழுந்து போனாள். தேர் காலியாக நின்றது. கமிட்டித் தலைவர் கலசத்தைக் காட்டி இனி என்ன செய்வது என்று கேட்டார். "கழட்டுங்க. அம்மன் எறங்கிட்டா அது வெறும் தகரம்தானே" என்றார் பூசாரி.

சரி, வீட்டுக்குப் போகலாம் என்று சாவியைத் திருப்பினேன். அந்த நேரத்தில் கமிட்டித் தலைவர் கண்ணாடியைத் தட்டினார். மைக்செட்டுக்கும் லைட்டுக்கும் ஜெனரேட்டர் போக வேண்டும், ஏற்றிக்கொள்ள முடியுமா என்றார். ஏற்றினார்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்களின் செருப்பை எல்லாம் மூட்டையாகக் கட்டி அதையும் ஏற்றினார்கள். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைப்பாகையைக் கழற்ற மறந்துபோய், செருப்பு மூட்டையோடு, நான் ஊர்வலத்தின் கடைசியில் போனேன்.

ஏற்றத்து வளைவு வந்தது. பாறை வந்தது. வண்டி வயிற்றில் ஒரு கீறல் படாமல் தாண்டினேன். ஜெனரேட்டர் பாரத்துக்குப் பின் சில்லும் நன்றாகப் பிடித்தது. ஒரு மனிதன், ஒரே ஒரு மனிதனாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! எல்லோருடைய முகமும் அம்மன் பக்கம்.

"தட்டலதானே?" என்றேன் மனைவியிடம்.

"என்னது?" என்றாள்.

பொழுது சாய்ந்து பனி இறங்கியிருந்தது. முன் லைட்டைப் போட்டேன். மேலே லயத்து முதல் வீட்டு வாசலில் தட்டோடு நின்றவர்கள் அர்ச்சனை செய்து முடித்திருந்தார்கள். அடுத்தது, கீழே வருகிற கூட்டமும் பார்க்கும்படி அம்மனுக்குத் தீபம் காட்ட வேண்டும். தூக்கி வந்தவர்கள் மெல்ல அடி மாற்றி, அம்மனை அப்படியே எங்கள் பக்கம் திருப்பினார்கள். என் வண்டி வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்தது. மஞ்சள் முகம், வெள்ளிக் கண், மூக்குத்தி, கன்னத்தில் பனித்துளி. நான் என்ஜினை நிறுத்த மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தேர் ஓட்டத் தொடங்கிய இத்தனை வருடமும் அவள் ஊர்வலம் போனதை நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டையும் பாறையையும் பார்த்துக்கொண்டு, பெரிய ஆளாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தோட்டத்தில் எல்லோரும் கண்டதை நான் ஒருவன்தான் காணவில்லை.

"என்னங்க, அழுவுறீங்களா?"

"ஆமா, அழுவுறேன். ஒனக்கென்ன?"

அவள் என் தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊர்வலம் முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது கமிட்டித் தலைவர் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சனங்களுக்கு இது பிடித்துவிட்டதாம், இனிமேல் அம்மனைத் தோளில்தான் தூக்குவது என்று எல்லோரும் சொல்கிறார்களாம், நான் மனம் நோகக் கூடாதாம். "ஜெனரேட்டர் ஏத்த மட்டும் வருசா வருசம் ஒங்க வண்டி வருமாண்ணே? பின்னாலயே வரணும், வெளிச்சத்துக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.