வலது பக்கத்துப் படி

என் தம்பிக்குத் தெருவில் இருக்கிற பேர் பல் செட். பொய்ப்பல் செய்வது அவன் தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் வடித்து, பிளாஸ்டிக்கில் வார்த்து, மோட்டாரில் தேய்த்துப் பளபளவென்று கொடுப்பான். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவன் கைவேலையால்தான். அவன் வாயில் மட்டும் முன்பல் இரண்டு இல்லை. கேட்டால், "என் வாய்க்கு யாரு அக்கா அச்செடுக்கிறது?" என்பான். சாக்குச் சொல்ல அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நான் தையற்காரி. நாற்பத்தைந்து வருஷமாக ஆண்கள் சட்டை மட்டும் தைக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்வார்கள். வரும்தான். கோணல் தையலைப் பார்த்தால் வராமல் என்ன செய்யும்?

எங்கள் அப்பா விமானத்தளத்தில் எடுபிடி வேலை பார்த்தார். எண்ணெய் துடைப்பது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பது, தரையைக் கூட்டுவது. தளத்தின் கடைசிக் கொட்டகையில் ஒரு பழைய இரட்டை இறக்கை விமானம் நின்றது. முதல் உலகப் போர் காலத்துச் சாமான். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி, மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவில் கம்பி கம்பியாக இழுத்துக் கட்டியிருக்கும். அது பறந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் அதைத் துடைக்கிற பொறுப்பு அப்பாவுடையது. அன்று எங்களையும் கூட்டிப் போவார். பக்கவாட்டில் ஒரு இரும்புப் படி. நான் அதில் கால் வைப்பேன், அப்பா இடுப்பைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்குவார், உள்ளே இருக்கிற பிரம்பு இருக்கையில் போய் விழுவேன். விளக்கெண்ணெய் வாசம் குப்பென்று வரும். அந்தக் காலத்து என்ஜினுக்கு அதைத்தான் ஊற்றுவார்களாம். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் எனக்கு ஏழு வயசுதான்.

தம்பிக்கு அப்போது மூன்று வயசு. அவன் ஏறினதே இல்லை. அப்பா தூக்கினாலே தொண்டை கிழியக் கத்துவான். இறக்கிவிட்டால் அவர் காலைக் கட்டிக்கொள்வான். "சரி விடு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பார் அப்பா. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம். அப்படி ஒரு வாரம் அப்பா எங்களைக் கூட்டிப் போகவில்லை, கொட்டகை காலி என்றார். பழைய சாமான் என்று அறுத்துப் போடச் சொல்லிவிட்டார்களாம். அறுத்த நாலு பேரில் அப்பாவும் ஒருவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் நெஞ்சுவலியில் அவரும் போய்விட்டார். எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு போட்டோ. விமானத்தின் பக்கத்தில் அப்பா தனியாக நின்று சிரிக்கிறார்.

வளர்ந்த பிறகு தம்பி எல்லாரிடமும் சொல்வான், "நான் மூணு வயசுலேயே போர் விமானத்துல உட்கார்ந்தவன். எங்கப்பா தூக்கி உட்கார வெச்சார்." கல்யாணப் பேச்சு நடந்த இடத்தில்கூட இதைத்தான் முதலில் சொன்னான். நான் சொன்ன கதையைக் கேட்டுக் கேட்டு அவன் ஏறினதாகவே அவனுக்கு ஆகிவிட்டது. முதல் தடவையே மறுத்திருக்கலாம். ஆனால் அப்பா என்று அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிறவள், அதில் மட்டும் ஐம்பது வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவனுக்குக் கண்ணில் கோளாறு ஆரம்பித்தது. நரம்பு வாடுகிறது, இன்னும் இரண்டு மூன்று வருஷம்தான் பொடி வேலை பார்க்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் இடிந்து போயிருப்பான். இவன் நேரே என் வீட்டுக்கு வந்து போட்டோவைக் கேட்டான்.

"அதுக்குள்ள நான் உட்கார்ந்த விமானத்தைக் கட்டி முடிச்சிடணும்க்கா. இம்மி பிசகக் கூடாது. அப்பா பார்த்தா இதுதான்னு சொல்லணும்."

முன்னறையில் பொய்ப்பல், பின்னறையில் விமானம் என்று ஆனது வீடு. நிஜ விமானத்தின் ஒரு அடிக்கு இவன் விமானத்தில் ஒரு அங்குலம். இறக்கை மட்டும் மூன்றடி நீளம். ஒவ்வொரு மரத்துண்டையும் தீக்குச்சிப் பருமனுக்குச் சீவி, பல் குடைகிற ஊசியால் துளை போட்டான். பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கிற கம்பிதான் இறக்கைக்கு நடுவில் இழுகம்பி ஆனது. தம்பி மனைவி என்னிடம், "முடிஞ்சதும் அதுல ஏறிப் போயிடப் போறாரு, நீங்க வேணா பாருங்க" என்பாள். ஆனால் அந்த அறையை யாரையும் பெருக்க விடமாட்டாள். கீழே விழுந்த ஒரு ஆணியைத் தேடி அவளும் அவனும் மண்டி போட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ரக விமானத்தின் வரைபடம் ஒன்றை எங்கேயோ எழுதிப்போட்டு வாங்கியிருந்தான். அதில் படி இடது பக்கம். மூக்குக்கு மேலே இருக்கிற துப்பாக்கியும் இடது. போட்டோவில் எல்லாம் வலது பக்கம் இருந்தது. வால் நம்பரைப் பார்க்கலாம் என்றால் அதன் மேல் எப்போதோ பெயிண்ட் அடித்து விட்டிருந்தார்கள்.

"வரைஞ்சவன் எங்க விமானத்தையா பார்த்தான்? தளத்துல மாத்திக் கட்டியிருப்பாங்க. போட்டோ பொய் சொல்லுமா?" என்றான் தம்பி. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. படியையும் துப்பாக்கியையும் வலது பக்கமே வைத்தான்.

மூன்றாம் வருஷம் துணி போர்த்துகிற வேலை என் தலையில் விழுந்தது. மெல்லிய பட்டு. ஒரு அங்குலத்துக்கு முப்பது தையல். ஒரு பக்கத்தில் துணியை ஷூவுக்குக் கயிறு கோர்ப்பதுபோலக் கோர்த்து இழுத்திருப்பார்கள். அதையும் அப்படியே வைக்க வேண்டும் என்றான். "பல்லுப் பிடுங்கறது மாதிரி என் பிராணனைப் பிடுங்கறே" என்று திட்டிக்கொண்டே போட்டோவை ஜன்னலோரம் எடுத்துப் போய், பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கயிறு அப்பாவின் தோளுக்குப் பின்னால் போகிறது. தோளிலிருந்து கண் அவர் சட்டைக்கு இறங்கியது.

பாக்கெட் வலது மார்பில் இருந்தது.

பட்டன் பட்டியும் பொம்பளைச் சட்டைபோல மாறி மூடியிருந்தது. ஆயிரக்கணக்கில் சட்டை தைத்தவள் நான். எந்தத் தையற்காரனும் ஆண் சட்டையை அப்படித் தைக்கமாட்டான். இத்தனை வருஷமும் அப்பா முகத்தைப் பார்த்தேனே தவிர, சட்டையைப் பார்க்கவில்லை. போட்டோ போட்டவன் பிலிமைத் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டான். இடது எல்லாம் வலதாகிவிட்டது. எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, படியில் ஏறுவதுபோலக் காலைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு முன்னால் விமானத்தின் மூக்கு இடது கைப்பக்கம் வந்தது. அப்படியென்றால் நான் ஏறினது விமானத்தின் இடது பக்கம்தான். என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மரமண்டைக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்று வருஷ உழைப்பு, போய்க்கொண்டிருக்கிற கண்ணு. இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இம்மி பிசகக் கூடாது என்றானே. மூன்றாம் நாள் அவன் வந்து, "இன்னும் ஏன்க்கா கோர்க்கலை?" என்று அவசரப்படுத்தினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்ல முடியாததைச் சொல்ல எனக்குக் கோபம்தான் உதவும்.

"இந்தச் சட்டையைப் பாருடா. பாக்கெட் எங்கே இருக்குன்னு பாரு" என்று போட்டோவை நீட்டினேன்.

பார்த்தான். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். தன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். போட்டோவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நாலு நாள் ஆள் இல்லை. தம்பி மனைவி மட்டும் வந்து, "பின்னறைக் கதவைப் பூட்டிட்டாரு. பல்லு வேலையும் பார்க்கலை, சரியாச் சாப்பிடறதும் இல்லை" என்றாள். நான் கண்ணை மூடிப் படியேறிப் பார்த்ததை அவளிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் காலை, நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்து எதிரில் உட்கார்ந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாத்திடலாம்க்கா. படி, துப்பாக்கி, நீ கோர்க்க வேண்டிய கயிறு, மூணுதான். நாலு மாசம் ஆகும். கண்ணு தாங்கும். அது பிரச்சனையில்லை."

"அப்புறம் எதுக்குடா நாலு நாளா பட்டினி கிடக்கே?"

அவன் தரையைப் பார்த்தான். "நீ கண்ணை மூடினதும் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுதுன்னு சொல்லியிருக்கே, அவ சொன்னா. நானும் மூடிப் பார்த்தேன். எனக்கு எதுவுமே வரலைக்கா. எந்தக் கால் வெச்சேன், எந்தப் பக்கம், உள்ளே எப்படி இருந்துச்சு, ஒண்ணும் இல்லை. உன் கதைதான் இருக்கு." தலையைத் தூக்கினான். "நிஜமா சொல்லு. நான் அதுல ஏறினேனா?"

நான் கோணல் தையல் போட்டால் இரவோடு இரவாகப் பிரித்துத் தைக்கிறவள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். அவன் வாயில் அந்த இரண்டு பல் இல்லாத இடம் தெரிந்தது. மூன்று வயசில் கத்தும்போதும் அந்த வாய் இவ்வளவு பெரிதாகத்தான் இருந்தது. எனக்கு அவனை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"ஏறினே" என்றேன். "ஆனா படியில கால் வைக்கலை. உனக்கு எட்டாது. அப்பா உன்னைக் கக்கத்துல ரெண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, மேலேருந்து நேரா சீட்டுல இறக்கிவிட்டார். காலே படாதவனுக்குப் படி எந்தப் பக்கம்னு எப்படிடா தெரியும்?"

அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். "அதானா?" என்றான். எழுந்து போகும்போது மேஜையிலிருந்த போட்டோவோடு பட்டுத் துணியையும் மடித்து எடுத்துக்கொண்டான்.

நாலு மாசம் என்றவன் ஏழு மாசம் எடுத்தான். படி இடது பக்கம் வந்தது. நான் கயிறு கோர்த்தேன். முடிந்த அன்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். படிக்குப் பக்கத்தில் ஐந்தரை அங்குல உயரத்தில் அப்பா நின்றார். பொய்ப்பல்லுக்கு ஈறு வார்க்கிற பிளாஸ்டிக்கில் செய்திருந்ததால் அப்பா கொஞ்சம் ரோஸ் கலரில் இருந்தார். சட்டைப் பாக்கெட் இடது மார்பில் இருந்தது. படியில் கால் வைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை.

"நீ எங்கடா?"

"உள்ளே பாரு."

குனிந்து பார்த்தேன். பிரம்பு இருக்கையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு தலை. வாய் அகலமாகத் திறந்திருந்தது.

"கத்தறியாடா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "சிரிக்கிறேன்க்கா" என்றான். "பல்லு வெச்சிருக்கேனே, தெரியலையா?"

இன்னொரு தடவை குனிந்தேன். கடுகைவிடச் சின்னதாக இரண்டு பல் இருந்தது.

"தெரியுது" என்றேன். "அன்னைக்கும் நீ இப்படித்தான் சிரிச்சே."