மூட்டை ஏற்றி மாட்டிய கதவு

எங்கள் பழைய பிக்கப்பின் இடதுபக்கக் கதவு துருப்பிடித்ததற்கு ஏற்காட்டுப் பனிதான் காரணம் என்று நான் சொல்வேன். நான்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கீல் இற்றுப்போய், மூன்று வருடமாகக் கதவைக் கயிற்றால் கட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கொட்டச்சேட்டிலிருந்து காப்பி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் கடைவீதிக்கு அந்த வண்டியில்தான் போகும். ஸ்டியரிங் என் கையில், பக்கத்து சீட்டில் அவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் எப்படி ஓட்டுவது என்று எனக்குச் சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு வளைவில் கயிறு அறுந்து கதவு படாரென்று திறந்துகொண்டது. மனுஷன் பாதி வெளியே. ஒரு கையால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்லை. இறங்கி நின்றவர், "இனி செத்தாலும் இந்த வண்டியில ஏறமாட்டேன் புள்ள" என்று சொல்லிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்.

ரெண்டு நாளில் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே! மாசக்கணக்கில் பஸ்தான். நான் மூட்டைகளோடு வண்டியில் போவேன், அவர் பஸ்ஸில் வந்து கடைவீதியில் சேர்ந்துகொள்வார். திட்டுவதற்காவது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தனியாக ஓட்டும்போது அழுகை அழுகையாக வந்தது.

"கதவ மாத்திட்டா ஏறுவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மாத்து, பாக்கலாம்" என்றார்.

அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. அதே அளவில் புதிதாக அடித்த டூப்ளிகேட் கதவும், ரெண்டு மட்கார்டும் சேலத்தில் ஒரு கடையில் கிடைத்தன. ஏற்காட்டில் டிங்கர் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். துருப்பிடித்ததை வெட்டியெடுத்து, வெல்டு வைத்து, தன் பட்டறையின் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி மாட்டினார். ஒரு விரலால் தள்ளினால் போதும், கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போய், பஸ்ஸிலிருந்து இறங்கியவரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, இங்க வாங்க. கதவத் தொறந்து பாருங்க."

இழுத்தார். அசையவில்லை. காலை வைத்து உதைத்து இழுத்தார். அப்பவும் இல்லை. கடைக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"முந்தி சாத்தாத கதவு. இப்ப தொறக்காத கதவு. நொம்ப முன்னேத்தந்தான் போ" என்றார் பாவி மனுஷன்.

வந்ததே எனக்குக் கோபம்! அப்படியே லோடோடு பட்டறைக்கு விட்டேன். டிங்கர் தம்பி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, கதவு நேராத்தானுங்க இருக்குது. வண்டிதான் கோணல். இத்தன வருசம் மேட்டுலயும் பள்ளத்துலயும் லோடு இழுத்ததில்லீங்களா? பாரம் ஏறுனா அடியில இருக்கற சேஸ் முறுக்குதுங்க" என்றார்.

"என்ர வண்டிய கோணல்ங்கறியா?" என்று பிடிபிடியென்று பிடித்தேன். ஆனால் மூட்டைகளை இறக்கியதும் கதவு சமத்தாகத் திறந்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இந்த வண்டி என்றைக்குக் காலியாக ஓடியிருக்கிறது?

"தம்பி, நாளைக்கு ஊட்டுக்கு வா. மூட்டைய ஏத்தி, வாசல் சரிவுல நிறுத்தி வெக்கறேன். அப்படியே வெச்சு மாட்டு."

யோசித்தார். "சரிங்கக்கா. ஆனா சீட்டுலயும் ஆள் இருந்தாத்தான் கணக்குச் சரியா வருமுங்க. அந்தப் பக்கம் எப்பவும் யாரு உக்காருவாங்க?"

மறுநாள் காலையில் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். "வண்டி ஓடாதுங்க. சும்மா நிக்கும். சக்கரத்துக்குக் கட்டையும் முட்டுக் குடுத்தாச்சு. கொஞ்ச நேரம் உக்காருங்க, போதும்."

முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். டிங்கர் தம்பி போல்ட்டுகளைத் தளர்த்தினார், கீலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்தார், ஓரத்தை அராவினார், சாத்தினார், திறந்தார், மறுபடி அராவினார். கொஞ்ச நேரத்தில் அவரும் உள்ளேயிருந்து கதவைத் திறந்து சாத்திப் பார்க்க ஆரம்பித்தார், பக்கத்து சீட்டு வாய் திறந்துவிட்டது. "கீழ உரசுது பாரு தம்பி." "மேல இன்னும் ஒரு தகடு வையி." எனக்கும் ஒன்று கிடைத்தது: "நீ சும்மா ஆடாம உக்காரு புள்ள." எத்தனை மாசம் ஆயிற்று அந்த அதட்டலைக் கேட்டு! உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. திறந்தால் திறந்தது, சாத்தினால் சாத்திக்கொண்டது. "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுங்கக்கா, கரடியூர் வரைக்கும்" என்று சொல்லிவிட்டு, தம்பி சக்கரத்துக் கட்டையை எடுத்தார்.

நான் சாவியைத் திருகாமல் காத்திருந்தேன். அவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கிக்கோங்க. நான் மட்டும் போய்ட்டு வந்தர்றேன்" என்றேன்.

"கதவுதான் சாத்தியாச்சே. எப்படி எறங்கறது?" என்றார்.

தொட்டாலே திறந்துவிடும் கதவு அது. காலையிலிருந்து பத்து இருபது தடவை திறந்து பார்த்தவர் அவரேதான்.