தம்பிராசாவின் கலியாணம் குழம்பிய கதை

1. எனக்குக் கொடுக்கப்பட்ட ஆள்

மட்டக்களப்பில் ஒரு சின்ன வானொலியில் பிரதி எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே மனேஜர் எனக்கு ஒரு ஆளைக் கொடுத்தார். பெயர் தம்பிராசா. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில், வாவிக்கரையில் தனி வீடு. அப்படி ஒருவர் உலகத்தில் இல்லை என்பது மட்டும்தான் குறை. அவர் எழுதுவது போல நான் தினமும் டயறிக் குறிப்பு எழுத வேண்டும். மதியச் செய்தி முடிந்ததும் அறிவிப்பாளர் அதைத் தடிமன் பிடித்து மூக்கடைத்த குரலில் வாசிப்பார்.

"மனிசன் நல்லாத் தனிச்சுப்போய் இரிக்கணும் புள்ள," என்றார் மனேஜர். "ஆனா செத்துப்போகப்படாது. விளம்பரம் தாறது மலர்ச்சாலைக்காரர். பொணத்துக்குக் காத்துக்கிட்டு இரிக்கம் எண்டு சனம் நினைக்குமாம்."

சவப்பெட்டி விற்கிறவரின் இங்கிதத்தை மெச்சிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

தனிமையைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டில் மாமி, மச்சாள்மார், அவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று கதை கேட்பார்கள். அதனால் முதல் குறிப்பை இப்படி எழுதினேன்: "இன்று வீட்டுக்கு யாருமே வரவில்லை. என்ன நிம்மதி!"

மனேஜர் அதைக் கிழித்துப் போட்டார். "ஏங்கணும் புள்ள, ஏங்கணும்!"

ஏங்க வைத்தேன். ஊரே உருகியது.

2. மண்டபக்காரர் வந்தார்

மலர்ச்சாலையின் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு கலியாண மண்டபக்காரர் விளம்பரம் தர வந்தார். அன்றே மனேஜருக்குத் தம்பிராசா மேல் இரக்கம் சுரந்துவிட்டது.

"எத்தின நாளைக்கு அந்த மனிசன் தனியக் கிடந்து சாகிற? கட்டி வை."

குருக்கள்மடத்தில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரைப் பார்த்தேன். அவரும் இல்லாத ஆள்தான், பொருத்தம் அபாரம். தம்பிராசா சேர்ட்டை அயர்ன் பண்ணினார், தலைக்கு மை பூசினார், கலியாணத்துக்குச் சம்மதித்தார். ஒபிஸில் கேக் வெட்டினோம்.

பின்னேரம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். சித்தாண்டியிலிருந்து கந்தப்போடி என்றார். பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பிராசாக்குக் கலியாணமாம், மெய்தானா மகள்?"

"ஓம் ஐயா. சந்தோசம்தானே?"

"அவருக்குச் சந்தோசம். மறுகா நான் ஆரோட சோறு தின்னுற?"

சிரிப்பு வந்தது. அவர் நிறுத்தவில்லை. "என்ர மனிசி செத்த பிறகு அவர்ர டயறி தொடங்கக்குள்ளதான் நான் சோத்துக் கோப்பைய எடுக்கிற. அவரும் தனிய, நானும் தனிய. இனி அந்த ரீச்சரும் வந்து இரிந்தா, நடுவுல நான் என்னத்துக்கு? நாளைக்கு ரேடியோவ மூடுறன். சோறும் ஆக்க மாட்டன். பாணத் திண்டுட்டுக் கிடக்கிறன்."

போனை வைத்துவிட்டார். கேக் இருந்தது. அதைத் தின்ன மனம் வரவில்லை. உலகத்தில் இல்லாத ஒருவருக்குத் துணை தேடப்போய், இருக்கிற ஒருவரின் துணையைப் பிடுங்கியிருந்தேன்.

மனேஜரிடம் சொன்னேன்.

"ஒராளுக்காகக் கலியாணத்தக் குழப்புறயா? மண்டபக்காரருக்கு நான் என்னத்தச் சொல்லுற? ஏலாது, ஒண்ணா!"

மறுநாள் பிரதியில் ரீச்சரின் தம்பி ஒருவர் புதிதாகப் பிறந்து, சாதகம் பொருந்தவில்லை என்று சம்பந்தத்தை முறித்துவிட்டார். எங்கள் அறிவிப்பாளருக்கு எதையும் முன்கூட்டியே வாசித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் கிடையாது. முழுவதையும் நேரலையில் உருக்கமாக வாசித்து முடித்தார். மனேஜரும் ஊரோடு சேர்ந்துதான் கேட்டார்.

3. விருந்தாளி

மண்டபக்காரர் போய்விட்டார். மனேஜர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். அந்த நாட்களில் நிறைய வேலை செய்ய முடிந்தது. பிறகு மலர்ச்சாலைக்காரர் திரும்பி வந்தார். "அந்த மனிசனுக்குக் கலியாணம் சரிவராது எண்டு நான் அப்பவே நினைச்சன்," என்றார். மனேஜர் மறுபடி கதைக்கத் தொடங்கினார்.

கந்தப்போடியும் போன் பண்ணினார். "பாவம் மகள், குடுத்து வைக்காத மனிசன்!" வாய் நிறையச் சோறு. இவ்வளவு மகிழ்ச்சியாக யாரும் பரிதாபப்பட்டு நான் கேட்டதில்லை.

அடுத்த கிழமை ஆளே ஒபிஸுக்கு வந்துவிட்டார். கையில் சோற்றுப் பார்சல், நண்டுக் குழம்பு. "தம்பிராசாக்கு," என்றார்.

மெதுவாகச் சொன்னேன். "ஐயா, அவரெண்டு ஒராள் இல்ல. நான்தான் எழுதுறன்."

"எனக்கென்ன விசரா மகள்? அது தெரியும். அவர் தின்ன மாட்டார் எண்டுதானே உங்களிட்டக் கொண்டுவந்த."

கன்டீனில் இருந்து சாப்பிட்டோம். பஸ்ஸில் ஏறிய ஆட்கள், இறங்க மறந்த ஆட்கள், மனைவி அந்த நாளில் வைத்த குழம்பு என்று அவர் கதைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு வார்த்தைக்கும் இடம் கிடைக்கவில்லை. போகும்போது, "நீங்க நல்லாக் கதைக்கிறீங்க மகள்," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பிரதி எழுத வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் கற்ற பாடம் இதுதான். உங்கள் கதாபாத்திரத்தின் துயரத்தைத் தீர்த்து வைக்க அவசரப்படாதீர்கள். அந்தத் துயரத்தை நம்பி எத்தனை பேர் சோறு தின்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அந்தப் பட்டியலில் மனேஜரும் இருப்பார், நீங்களும் இருப்பீர்கள்.